வீதியோரச் சிற்றூரின் பெயரையும் வரலாற்றையும் தேடி எழுதுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களுக்கான வழிமுறை

பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதி, மட்டக்களப்பில் இருந்து வாகரை தாண்டித் திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி, செங்கலடியில் இருந்து புல்லுமலைப் பக்கம் ஏறும் ஏ5 வீதி என எதில் போனாலும், முப்பது நாற்பது வீடு, ஒரு கோயில் அல்லது பள்ளி, ஒரு கடை, ஒரு பஸ் தரிப்பு என்று நிற்கும் சிற்றூர்கள் வந்துகொண்டே இருக்கும். கல்முனைக்கும் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் மலர்களும் நூல்களும் இருக்கின்றன. இந்தச் சிற்றூர்களுக்கு இல்லை. அங்கே எண்பது வயதைத் தாண்டியவர்கள் ஒருவர் இருவராகக் குறைந்து வருகிறார்கள். அவர்களோடு குளத்தின் பெயரும் வட்டை எனப்படும் வயல்வெளியின் பெயரும் போய்விடும். ஆகவே இது ஆறுதலாகச் செய்யக்கூடிய வேலை அல்ல.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீதியோரச் சிற்றூரின் பெயர் பெரும்பாலும் வீதியோரத்தில் பிறந்தது அல்ல. உள்ளே அரை மைல், ஒரு மைல் தள்ளி ஒரு குளமோ, வயல் வட்டையோ, ஆற்றுத் துறையோ, மாட்டுப் பட்டியோ அந்தப் பெயரோடு முதலில் இருந்திருக்கும். றோட்டுப் போட்ட பிறகு, பஸ் ஓடத் தொடங்கிய பிறகு, சனம் றோட்டுக்கரைக்கு வந்து வீடு கட்டியிருக்கும். பெயரும் கூடவே வந்திருக்கும். இப்போது தரிப்பு இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு பெயருக்குப் பொருள் தேடினால் ஒன்றும் பொருந்தாது. பெயர் பிறந்த இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பொருளைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் வாய்ப்பேச்சு

காகிதங்களைப் பார்க்குமுன் ஊராரின் உச்சரிப்பைப் பதிந்துகொள்ளுங்கள். பலகையில் இருக்கும் எழுத்தைப் படித்துவிட்டுப் போனால் காது அதையே கேட்கும். ஐந்து முதல் ஏழு பேர் போதும், ஆனால் அவர்கள் ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. வயல் செய்தவர் ஒருவர், மாடு வளர்த்தவர் ஒருவர், ஆற்றிலோ குளத்திலோ மீன் பிடித்தவர் ஒருவர், வேறு ஊரில் இருந்து கலியாணம் முடித்து வந்த பெண் ஒருவர் என்று பொறுக்குங்கள். அந்தப் பெண் முக்கியம். பிறந்த ஊரில் இந்த ஊரை எப்படிச் சொன்னார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். ஊரார் தங்களுக்குள் சொல்லும் பெயரும் அயலூரார் சொல்லும் பெயரும் பல இடங்களில் வேறு வேறு. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் இரு பக்கமும் கேளுங்கள். சிங்கள ஊர் பக்கத்தில் இருந்தால் அங்கேயும் கேளுங்கள். வாகரைப் பக்கம் என்றால் வேடர் வழிவந்த குடும்பங்களைத் தவற விடாதீர்கள். காட்டிடங்களின் பெயர்கள் அவர்களிடம்தான் அதிகம்.

"இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேர்?" என்று எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது. கேட்டால், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த கதை வந்து விழும். பிறகு அதற்கு அப்பால் பேச்சு நகராது. "அப்பச்சி, சின்ன வயசில மாடு சாய்க்கப் போன காட்டுக்கு என்ன பேர் சொல்லுவீங்க?", "குளத்துக்குப் பேர் என்ன? தண்ணி எந்தப் பக்கத்தால வரும்?", "மூத்தவாப்பா, றோட்டுத் தார் போட முன்னம் சந்தைக்கு எந்த வழியால போனீங்க?" இப்படித் தொடங்குங்கள். சிறிய இடப்பெயர்கள் பத்துப் பதினைந்து வந்த பிறகு ஊர்ப்பெயர் தானாக அவற்றுக்குள் ஓரிடத்தில் போய் உட்காரும்.

பதிவுக்கு ஃபோன் போதும். அனுமதி கேட்டு, விமானப் பயன்முறையில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, றோட்டுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். லொறிச் சத்தம் ஒரு சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டால் ளகரமா லகரமா என்று பிறகு தெரியாது. தொடக்கத்திலேயே திகதி, இடம், பேசுபவரின் வயது ஆகியவற்றைச் சொல்லிப் பதியுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வயதானவர்களை இருத்தி வைக்காதீர்கள். இன்னொரு நாள் போனால் முதல் நாள் மறந்தது நினைவுக்கு வந்திருக்கும்.

ஊர்ப்பெயரைத் தனியாகச் சொல்ல வைப்பதோடு நிறுத்தாமல் வசனத்திலும் சொல்ல வையுங்கள். அந்த ஊருக்குப் போவதை எப்படிச் சொல்வார்கள்? கல்லாற்றுக்குப் போகிறவர் "கல்லாத்துக்குப் போறன்" என்பார். அங்கே கடைசிப் பாதி ஆறுதான் என்பதற்கு இந்த உருபே சாட்சி. ஆறு என்று முடிவதுபோல எழுதப்படும் ஒரு பெயரை ஊரார் "...ஆறுக்கு" என்று சொன்னால், அது ஆறு அல்ல, வேறு ஏதோ ஒன்று தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். குளமும் இப்படித்தான்: "குளத்துக்கு" என்றால் குளம். இதைவிட மலிவான, நம்பகமான சோதனை வேறு இல்லை.

பெயரின் வால்

எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டு. பின் துண்டு நிலத்தின் வகையைச் சொல்லும். முன் துண்டு மரம், ஆள், விலங்கு, தொழில் என்று எதுவாகவும் இருக்கும். பின் துண்டு எளிதில் மாறாது. அதனால் அங்கிருந்து தொடங்குவதுதான் பாதுகாப்பு.

சேனை என்றால் காடு வெட்டி எரித்துச் செய்த மேட்டுப் பயிர்நிலம்: வாழைச்சேனை, முறக்கொட்டாஞ்சேனை, அட்டாளைச்சேனை. அட்டாளை என்பது காவல் பரண். ஆகச் சேனை என்று முடியும் ஊர், போகத்துக்குப் போகம் வந்து தங்கிய காவல் குடிசைகளில் தொடங்கியிருக்க இடமுண்டு. முதல் குடும்பங்கள் எந்தத் தாய்க்கிராமத்தில் இருந்து வந்தன என்று கேட்க வேண்டும். வெளி, வட்டை, கண்டம் மூன்றும் வயலோடு சேர்ந்தவை: வெல்லாவெளி, சந்திவெளி, கதிரவெளி. முனை, குடா, துறை, தீவு ஆகியவை வாவியும் கடலும் தந்த பெயர்கள்: கல்முனை, மருதமுனை, நாவற்குடா, அம்பிளாந்துறை, புளியந்தீவு. தீவு என்றதும் கடல்நடுத் தீவைத் தேட வேண்டாம். வவுணதீவும் மகிழடித்தீவும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கின்றன. மாரியில் தண்ணீர் சூழ்ந்து துண்டாகும் மேட்டுநிலத்தையும் இங்கே தீவு என்றுதான் சொல்வார்கள். மடு, கேணி, வில், குளம் ஆகியவை உள்நாட்டு நீர்நிலைகள். வில் என்று முடியும் ஊர்கள் கரையோரம் நெடுக உண்டு: தம்பிலுவில், ஒலுவில், பொத்துவில். சிங்களத்தில் குளம், சதுப்பு நீர்நிலைக்கு வில என்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டுவதால், பெயர் யாருடையது என்ற வழக்கைக் கிளப்பாமல் அந்த நீர்நிலை எங்கே என்று பாருங்கள்.

மடம் என்று வந்தால் யாத்திரிகர் தங்கிய இடத்தைத் தேடுங்கள். கதிர்காமப் பாதயாத்திரை கரையோரமாகத்தான் தெற்கே போகிறது. அந்த வழியில் தங்குமடமும் நல்ல தண்ணீர்க் கிணறும் இருந்த இடங்கள் ஊராகியிருக்கின்றன.

குடி என்ற துண்டில் கவனம் வேண்டும். வேறு இடங்களில் அது குடியிருப்பு என்பதோடு முடிந்துவிடும். மட்டக்களப்புப் பகுதியில் தாய்வழியாக வரும் குடிமுறை, அதாவது குலப்பிரிவு முறை, உண்டு. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் யார் என்பதெல்லாம் குடியை வைத்துத் தீர்மானித்த இடம் இது. ஆகவே முன் துண்டு ஒரு குடியின் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

றோட்டே பெற்ற பெயர்களும் உண்டு: சந்தி, பாலத்தடி, இத்தனையாம் கட்டை. கட்டை என்பது மைல்கல். வீதியில் கிலோமீற்றர்க் கல் வந்து பல காலமானாலும் வாயில் கட்டைதான். ஏழாம் கட்டை என்றால் ஏழு மைல், அதாவது 11.3 கிலோமீற்றர். எந்த இடத்தில் இருந்து எண்ணியது என்பதுதான் கேள்வி. மோட்டார் சைக்கிளின் ஓடோமீற்றரை வைத்து அருகிலுள்ள நகரங்கள் ஒவ்வொன்றில் இருந்தும் அளந்து பாருங்கள். ஒன்றும் ஒத்துவராவிட்டால் றோட்டு இடையில் எங்கோ வளைவு நிமிர்த்தப்பட்டிருக்கும். பழைய றோட்டுத் துண்டு பற்றைக்குள் கிடக்கும்.

புரம், நகர் என்று முடிபவை பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுக் குடியேற்றங்கள். நாவிதன்வெளி, மத்தியமுகாம் பக்கத்தில் இலக்கப் பெயரோடு இருக்கும் கொலனிகள் 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்தின் வழிவந்தவை. இவற்றைப் புதிது என்று ஒதுக்க வேண்டாம். கொலனி வருமுன் அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதைத் தெரிந்தவர்கள்தான் இப்போது மிக அரிது.

தாள்கள்

மிகப் பெரிய களஞ்சியம் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் காணி உறுதி. உறுதியின் கடைசிப் பகுதியில் எல்லை சொல்லும் பந்தியை நிதானமாக வாசியுங்கள். காணியின் பெயர், அது கிடக்கும் பற்று (பழைய நிர்வாகப் பிரிவு), பிறகு வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு எல்லை. கிழக்கெல்லை றோட்டு, மேற்கெல்லை இன்ன குளத்துக் கட்டு என்று எழுதியிருந்தால் குளத்தின் பெயரும் அது எந்தத் திசையில் என்பதும் ஒரே வரியில் கிடைத்துவிட்டது. கிழக்கெல்லையில் றோட்டுக்குப் பதிலாக வண்டிப்பாதை என்றோ முடிக்குரிய காடு என்றோ இருந்தால், அந்த உறுதியின் திகதியில் அங்கே றோட்டு வரவில்லை அல்லது ஊர் றோட்டைப் பார்த்து இருக்கவில்லை. வயல் அளவு அவணம், மரைக்கால் என்ற விதைப்பு அளவிலா, ஏக்கர், றூட், பேர்ச்சிலா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கருக்கு 4 றூட், 160 பேர்ச்.

கையில் இருக்கும் உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றையும் கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போனால் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி எடுக்கலாம். அந்தப் பக்கத்தில் முந்தைய தொகுதி, பக்க இலக்கங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பிடித்துப் பின்னால் பின்னால் போக வேண்டும். உறுதிக்காரர் பயப்படுவார், அது நியாயமானதும்கூட. மூலத்தை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அவர் முன்னாலேயே எல்லைப் பந்தியை மட்டும் எழுதியெடுத்து, உரிமையாளர் பெயர்களை விட்டுவிடுங்கள்.

பெர்மிட் காணி என்றால் உறுதி இராது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோதான் இருக்கும். அந்த ஊருக்குக் காணிக் கச்சேரி, அதாவது காணி பகிர்ந்தளிக்கும் விசாரணை, எப்போது நடந்தது, கோப்பில் கிராமத்தின் பெயர் எப்படி எழுதப்பட்டது என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "ஊர் வரலாறு வேண்டும்" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. எந்தக் கிராம சேவையாளர் பிரிவு, எந்த ஆண்டுகள், எந்தக் கோப்பு என்று குறுக்கிக் கேளுங்கள்.

அம்பாறை மாவட்டத்து ஊர் என்றால் மறக்கக் கூடாத ஒன்று: 1961 வரை அது மட்டக்களப்பு மாவட்டம். அதற்கு முந்திய தாள்களை மட்டக்களப்பின் கீழ், பற்றின் பெயரால் தேட வேண்டும்: கரைவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று. பற்றின் எல்லையும் இன்றைய பிரதேச செயலக எல்லையும் ஒன்றல்ல.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடத்தையும் பிந்திய 1:50,000 வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஒரு சென்ரிமீற்றர் சுமார் 634 மீற்றர், இரண்டாவதில் 500 மீற்றர். பழைய படத்தில் பெயர் குளத்தின் அருகிலும் புதிய படத்தில் றோட்டின் அருகிலும் இருந்தால், ஊர் நகர்ந்த கதை கண்முன்னே தெரியும். ஆனால் வரைபடத்தின் ஆங்கில எழுத்தை நம்பித் தமிழ்ப் பெயரை எழுதிவிடாதீர்கள். வெளியும் வேலியும் அங்கே ஒன்று. மடுவும் மாடும் ஒன்று. ல, ள, ழ மூன்றுக்கும் வேறுபாடு காட்டுவது குறைவு.

பாடசாலையின் சேர்வு இடாப்பும் சம்பவத்திரட்டுப் புத்தகமும், தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவும், கோயிலின் கும்பாபிஷேக மலரும் அடுத்தவை. மெதடிஸ்த மிசன் 1814இலேயே மட்டக்களப்புக்கு வந்துவிட்டதால் சில ஊர்களின் பெயர் கிறிஸ்தவப் பதிவுகளில் முந்தி அகப்படும். கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள் இருக்கின்றன. சுற்றுப்பயணத்தில் எந்தக் குளக்கட்டில் நின்றார்கள், எந்தத் துறையைக் கடந்தார்கள் என்று எழுதியிருப்பார்கள். கண்ணகி அம்மன் கோயில்களில் பாடும் ஊர்சுற்றுக் காவியத்தில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். இங்கே கல்வெட்டு என்ற சொல் ஏட்டில் எழுதிய கோயில் ஒழுங்குப் பாட்டுக்கும் வழங்குவதால், கல்வெட்டு உண்டு என்று யாராவது சொன்னால் கல்லா ஏடா என்று கேட்டுவிடுங்கள். 1962இல் எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த, இப்பகுதியின் பழங்கதைகளைச் சொல்லும் மட்டக்களப்பு மான்மியத்தில் பெயர் வந்தால், பெயரின் வடிவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் வரும் கதையை ஆண்டுக் கணக்காக எடுக்க வேண்டாம்.

காலத்தைப் பிடித்தல்

பெரியவர்களிடம் ஆண்டு கேட்டால் தடுமாறுவார்கள். நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். 1924 கல்லடிப் பாலம், 1928 ரயில், 1942 ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக் கடலில் பிரித்தானியரின் ஹேர்மிஸ் போர்க்கப்பல் மூழ்கியது, 1957 வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 1990 போர்க்கால இடம்பெயர்வு, 2004 டிசம்பர் 26 சுனாமி. "சூறாவளிக்கு முன்னமா, பின்னமா?" என்றால் உடனே பதில் வரும். விதானையார் (பழைய ஊர்த்தலைவர்) காலமா, கிராம சேவகர் வந்த பிறகா என்பதும் நல்ல கோடு. அந்த மாற்றம் 1963இல் நடந்தது. 1990ஐப் பற்றிக் கேட்கும்போது மெதுவாகக் கேளுங்கள். பேச விரும்பாதவரை விட்டுவிடுங்கள், பதிவுக் கருவியை நிறுத்தச் சொன்னால் அந்தக் கணமே நிறுத்துங்கள்.

நிலத்தில் நடந்து பார்த்தல்

ஆவணி, புரட்டாதியில் போங்கள். சிறுபோகம் வெட்டி முடிந்திருக்கும், குளம் வற்றி அடி தெரியும், பெரும்போகத்துக்கு இன்னும் உழுதிருக்க மாட்டார்கள். பழைய கட்டு, உடைந்த துரிசு (குளத்து மதகு), ஓட்டுத் துண்டுகள், தனித்து நிற்கும் புளியும் பனையும், தூர்ந்த கிணறு எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குப் படும். மடு, தீவு என்ற பெயர்களைச் சரிபார்க்க மார்கழியில் மறுபடியும் போக வேண்டும். எந்த மேடு துண்டாகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று மாரிதான் காட்டும். ஒவ்வொரு இடத்திலும் ஃபோனில் அகலாங்கு நெட்டாங்கைத் தசம நான்கு தானம் வரை குறியுங்கள். பதினொரு மீற்றர்த் துல்லியம் கிடைக்கும், அது போதும். படுவான்கரைப் பக்கம் யானை இறங்கும், பொழுதுபடமுன் றோட்டுக்கு வந்துவிடுங்கள். ஆட்கள் நடக்காத காட்டுத்தடத்தில் இறங்க வேண்டாம். பழைய செங்கலோ தூணோ கண்டால் தோண்டாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அது குற்றம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அப்படியே விடுங்கள்.

துறை என்று முடியும் ஊருக்கு வாவியின் மறுகரையையும் பார்க்க வேண்டும். பாதை, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் ஓடம், எங்கே இருந்து எங்கே போனது என்று கேளுங்கள். 2014இல் மண்முனையில் பாலம் வந்த பிறகு அங்கே பாதை நின்றுபோனது. கரையில் இருந்த சிறுகடைகளுக்கும் காத்திருந்த இடங்களுக்கும் சனம் என்ன பெயர் வழங்கியது என்பதை இப்போது எழுதாவிட்டால் பிறகு கேட்க ஆளிராது.

பிழைக்கும் இடங்கள்

பெரிய பிழை, இனிய கதையை நம்புவது. அரசன் வந்து இளைப்பாறினான், சீதை கண்ணீர் விட்டாள், வெள்ளைக்காரன் ஏதோ கேட்க ஊரான் வேறேதோ சொன்னான் என்ற கதைகள் எந்த ஊருக்கும் பொருந்தும். அவற்றை எழுதுங்கள், ஊரின் சொத்து அவை. ஆனால் "ஊரார் இப்படிச் சொல்கிறார்கள்" என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள். கதை பொருந்த வேண்டுமானால் அது பெயரின் மிகப் பழைய வடிவத்தோடு பொருந்த வேண்டும், இன்றைய வடிவத்தோடு அல்ல.

அடுத்தது மெருகிட்ட பெயர். ஆரையம்பதி முன்பு ஆரைப்பற்றை. பதி என்ற வாலை வைத்துப் பொருள் தேடினால் ஊரின் தொடக்கத்தைத் தவற விடுவோம். ஆரைச் செடி படர்ந்த பற்றைதான் அங்கே நிலத்தைச் சொல்கிறது. இதிலேயே இன்னொரு பொறி: பேச்சில் பற்று "பத்து" ஆகும், பற்றை "பத்தை" ஆகும். நிர்வாகப் பிரிவும் புதர்க்காடும் ஓர் உயிரெழுத்து வித்தியாசத்தில் பிரிகின்றன.

மூன்றாவது, இரட்டைப் பெயர்கள். பாலமுனை காத்தான்குடிக்கு அருகிலும் உண்டு, அட்டாளைச்சேனைப் பக்கத்திலும் உண்டு. தாண்டியடி வவுணதீவுப் பக்கம் ஒன்று, திருக்கோவில் பக்கம் ஒன்று. ஊறணி மட்டுநகரிலும் பொத்துவில் வழியிலும் இருக்கிறது. தாளில் பெயரைக் கண்டதும் பற்றையும் பக்கத்து ஊரையும் பார்க்காமல் உங்கள் கோப்பில் சேர்க்காதீர்கள்.

எழுதிவைத்தல்

ஊருக்கு ஒரு தாள் போதும், இரு பக்கம். பேச்சில் வழங்கும் வடிவம் முதலில். பிறகு எழுத்தில் கண்ட ஒவ்வொரு வடிவமும், கண்ட தாளும் ஆண்டும், பழையதில் இருந்து புதியதாக. சிங்களப் பெயர் இருந்தால் அதுவும் அதே மரியாதையோடு. பெயர் பிறந்த இடம், இன்றைய தரிப்பு இரண்டின் அமைவிடமும், இரண்டுக்கும் இடையே தூரமும். குளம், வட்டை, வாய்க்கால், மரத்தடி என்று சேகரித்த சிறிய பெயர்கள் முழுவதும். கடைசியில்தான் பொருள் விளக்கங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் எழுதி, எதற்குத் தாளில் ஆதாரம் உண்டு, எது வாய்ச்சொல் என்று பக்கத்தில் குறியுங்கள். தாள் முடிந்ததும் பேசியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அப்போதுதான் "அது அந்தக் குளம் இல்ல மனே, மற்றக் குளம்" என்ற திருத்தம் வரும்.

பிரதிகளைப் பாடசாலை நூலகம், கோயில் அல்லது பள்ளிவாசல், பொது நூலகம், பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தர் ஆகியோரிடம் கொடுங்கள். இணையத்தில் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்கும் ஒன்று போகட்டும். ஒலிப்பதிவுகளை இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். வெள்ளமும் காற்றும் வரும் நாடு இது.

பெயர்ப்பலகை பிழையாக இருந்தால் ஏ வகுப்பு வீதிக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், உள்வீதிக்குப் பிரதேச சபைக்கும் கடிதம் எழுதி, மிகப் பழைய தாளின் பிரதியை இணைத்துக் கொடுங்கள். பலகை எழுதுமுன் மூன்று மொழி மாதிரியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தமிழில் ல, ள, ண, ன, ர, ற ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்து, ஊரில் இருவரைக் கொண்டு கையெழுத்து வைத்த பிறகே மாதிரியைத் திருப்பிக் கொடுங்கள்.